முதல் செட்



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும். நம் சேலம், நாமக்கல் பகுதியில் திருச்செங்கோடு சாலை, ராசிபுரம் சாலை, ஆத்தூர் சாலை எங்கும் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகள் முளைத்துவிடும். 'இந்தக் கல்வியாண்டு முதல் புதிய பாடப்பிரிவுகள்' என்ற வரியைப் பலவற்றில் பார்க்கலாம். பிள்ளையை அழைத்துக்கொண்டு போகும் பெற்றோர் ஃபீஸ் எவ்வளவு, பஸ் எங்கள் ஊர் வழியாக வருமா, வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தப் படிப்புக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1997-இல் நமக்கு இரண்டு புதிய அடையாளங்கள் கிடைத்தன. சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் ஜனவரி முதல் நாள் செயல்படத் தொடங்கியது. செப்டம்பரில் பெரியார் பல்கலைக்கழகம் உருவானது. அதுவரை இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அதன் பிறகு இணைப்புக் கொடுக்கும் அதிகாரம் சேலத்தை அடுத்த கருப்பூரில் உள்ள இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது.

ஒரு கல்லூரி புதிய படிப்பு ஒன்றைத் தொடங்க வேண்டுமானால், முதலில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஆய்வுக் குழுவை அனுப்பும். வகுப்பறை, ஆய்வகம், நூலகம், ஆசிரியர்களின் தகுதி எல்லாவற்றையும் அந்தக் குழு நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கும். என்ன பாடம் நடத்துவது என்பதை அந்தத் துறைப் பேராசிரியர்கள் அடங்கிய பாடத்திட்டக் குழு, அதாவது 'போர்டு', வகுக்கும். அது கல்விசார் நிலைக்குழுவுக்கும் பிறகு சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழுவுக்கும் போகும். கிடைக்கும் இணைப்பும் முதலில் தற்காலிகமானதுதான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும், ஆனால் பட்டத்தைப் பல்கலைக்கழகம்தான் வழங்கும். அரசுக் கல்லூரியில் அரசாணை வர வேண்டும். அந்த ஆணையில் ஆசிரியர் பணியிடங்களும் சேர்ந்து வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். படிப்பை அறிவித்துவிட்டு கௌரவ விரிவுரையாளர்களை மட்டும் நம்பி நடத்துவது முறையல்ல.

பிள்ளைகள் அதிகம் அடிபடுவது பட்டத்தின் பெயரில். இந்தியாவில் பல்கலைக்கழகம் தன் விருப்பத்துக்குப் பட்டத்தின் பெயரைச் சூட்ட முடியாது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22-ஆவது பிரிவின்படி, மானியக் குழு அறிவித்த பட்டங்களைத்தான் வழங்கலாம். 2014-இல் அந்தப் பட்டியலை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். பட்டியலில் இல்லாத பெயரில் பட்டம் தர விரும்பினால், படிப்பைத் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும்.

அந்தப் பட்டியலில் இருப்பவை பி.எஸ்சி., பி.காம். போன்ற பெயர்கள்தான். அவற்றுக்குப் பின்னால் வரும் பாடத்தின் பெயரில்தான் சிக்கல் இருக்கிறது. 'கணிதம்' என்று மட்டும் இருந்தால் தொல்லை இல்லை. 'கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம்' என்று சேர்த்தால், ஆசிரியர் தேர்வு வாரியத்திலோ டி.என்.பி.எஸ்.சி.யிலோ அது கணிதத்துக்கு இணையா என்று கேட்பார்கள். அதைத் தீர்மானிக்க உயர்கல்வித் துறையில் இணைத்தன்மைக் குழு இருக்கிறது. அதன் பரிந்துரையின் பேரில் அரசாணை வரும். 'இணையானது' என்றும் வரலாம், 'இணையானது அல்ல' என்றும் வரலாம். மூன்று ஆண்டு படித்து, தேர்வு எழுதி, மதிப்பெண் பட்டியலில் பெயரும் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பில் 'உங்கள் பட்டம் இணையில்லை' என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் முறையிடுவது? படிப்பைத் தொடங்கியவர்களுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. பெரும்பாலும் சிக்கிக்கொள்வது படிப்பு தொடங்கியதும் முதலில் சேரும் 'முதல் செட்' மாணவர்கள்தான்.

யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு முக்கியமான வழக்கு நடந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் தொழில்நுட்பப் படிப்புகளைத் தொடங்கியபோது, அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. தன் முன்அனுமதி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சென்று வென்றது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பல்கலைக்கழகத்துக்கு முன்அனுமதி தேவையில்லை, ஆனால் குழுமம் வகுத்த தரத்தை அது காக்க வேண்டும், குழுமம் வந்து ஆய்வு செய்யலாம் என்றது. இதை நான் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்த சுதந்திரமாக மட்டும் பார்க்கவில்லை. வெளியிலிருந்து முன்கூட்டித் தடுக்க ஆளில்லாதபோது, உள்ளே சிண்டிகேட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. இணைவு பெற்ற கல்லூரிகளுக்கு அந்த விலக்கு கிடையாது. 2024-25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. நடத்தும் கலைக் கல்லூரிகளும் அந்தக் குழுமத்திடம் ஒப்புதல் பெற வேண்டியிருக்கிறது.

நல்ல தொடக்கத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1985-க்கு முன் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க சென்னை வேப்பேரிக்குத்தான் போக வேண்டும். இங்கோ கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்தன. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கொட்டகை கொட்டகையாகக் கோழி சாகும். அந்தத் தேவை இருந்த மண்ணிலேயே மாநிலத்தின் இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரியை வைத்தார்கள். மாணவருக்கு நோயைப் பார்க்கப் பண்ணை பக்கத்திலேயே இருந்தது, பண்ணைக்காரருக்கு மருத்துவரும் ஆய்வகமும் பக்கத்திலேயே கிடைத்தன. இங்குள்ள ஜவ்வரிசித் தொழிலுக்கும் லாரி பாடி கட்டும் தொழிலுக்கும் இப்படி ஒரு படிப்பு யோசித்தால் எனக்கு மகிழ்ச்சி. எங்கோ பெரிய நகரத்தில் எடுபட்ட பெயர் என்பதற்காகப் பலகை மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மனிதர்களுக்கான மருத்துவப் படிப்பில் விதி இன்னும் கடுமை. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. புதிய கல்லூரிக்கு அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். முதல் செட் மாணவர்கள் இறுதித் தேர்வு எழுதும் கட்டத்தில்தான் பட்டத்துக்கு முழு அங்கீகாரம் வரும். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்தால் கேள்வி கேட்கிறார்கள். கலை அறிவியல் படிப்புக்கும் இந்தக் கண்டிப்பு ஏன் கூடாது?

படிப்பை மூடும்போதும் இதே அக்கறை வேண்டும். இங்கிலாந்தில் பதிவுபெற்ற பல்கலைக்கழகங்கள், ஒரு படிப்பு நின்றுபோனால் அதில் படித்துக்கொண்டிருப்பவர்களை எப்படிக் கரைசேர்ப்போம் என்ற திட்டத்தை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். இங்கே ஆள் சேரவில்லை என்று படிப்பை நிறுத்தினால், அரியர் வைத்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை ஆண்டு தேர்வு நடக்கும் என்பது சேரும்போதே தெரிய வேண்டும்.

ஆகவே பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் இது. புதிய பாடப்பிரிவை விளம்பரம் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள்: இணைப்பு ஆணையின் எண்ணும் தேதியும், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு, இணைத்தன்மை அரசாணை வந்துவிட்டதா இல்லையா என்பது. வரவில்லை என்றால் 'இன்னும் வரவில்லை' என்றே அச்சிடுங்கள். பெற்றோர்களே, அட்மிஷன் மேசையில் பணம் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.