ரண சிகிச்சையும் நோயாளியின் சம்மதமும்



ரண சிகிச்சைக்கு முன் வைத்தியர் சொல்வதை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டு கையொப்பமிட்டால் போதுமென்று நாம் இருக்கிறோம். கத்திக்குக் கீழே படுப்பவர் அவரல்லவே!

1995-ஆம் வருஷம் டில்லியில், பரிசோதனையின் பொருட்டு வந்த ஒரு ஸ்திரீ மயக்க மருந்தினால் நினைவிழந்திருக்கையில், தாயாரிடம் கையொப்பம் வாங்கி அவருடைய கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிராணாபத்து இல்லாதபோது தாயாரின் சம்மதம் செல்லாதென்று 2008-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். நஷ்டஈடு 25,000 ரூபாய். இழந்ததற்கு அது ஈடாகுமா?

ஆகையால், வைத்தியர் விளக்கியதும் நோயாளியே தம் சொந்த வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்லட்டும்: எதை அறுப்பார்கள், அபாயம் யாது, அறுக்காவிடில் என்னவாகும், வேறு மார்க்கம் உண்டா? ஒன்றில் தடுமாறினாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அதற்கு வைத்தியர் கோபிக்க நியாயமில்லை.