சுண்ணாம்புக் கம்பம் சொல்லும் பாடம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

  

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து மேட்டில் ஒரு பழைய காற்றாலை நிற்கிறது. தானியம் அரைப்பதற்காகக் கைதிகளின் உழைப்பைக் கொண்டு 1828-இல் கட்டப்பட்டது. காற்றை மட்டும் நம்பினார்களா? இல்லை. கைதிகளையே மிதிசக்கரத்தில் ஏற்றி மிதிக்க வைத்தும் அரைத்தார்கள். பிறகு அரைக்கிற வேலை போயிற்று. 1861-இல் அதைச் சைகைக் கோபுரமாக மாற்றி, நகரத்துக்கு நேரம் காட்ட வைத்தார்கள். 1934-இல் அங்கிருந்து தொலைக்காட்சிச் சோதனைகூட நடந்தது. இறக்கை போய்விட்டது, கோபுரம் போகவில்லை. ஏன்? ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு புதுவேலை கொடுத்தது.

"அதுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று ஆறாம் ஆண்டுக் குறும்பன் ஒருவன் கேட்பான். சொல்கிறேன்.

போன விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போயிருந்தோம். தேக்காவில் இறங்கி, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். இந்தக் கோயிலுக்கு அந்தக் காலத்தில் 'சுண்ணாம்புக் கம்பம் கோயில்' என்று பெயர் என்றேன். "வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பா சார்?" என்று சிரித்தார்கள். அதே சுண்ணாம்புதான்! அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புச் சூளைகள் எரிந்தன. கம்பம் என்றால் ஊர். சூளையைச் சுற்றி உழைப்பாளிகள், உழைப்பாளிகளைச் சுற்றி ஓர் ஊர், ஊருக்கு ஒரு காளி. எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்!

செங்கல்லும் அங்கே சுட்டார்கள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்கு வந்தார்கள். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்தார். அடுத்து வந்தவர்கள் வங்காளத்தார். அரசாங்கம் 1858-இல் சிராங்கூன் சாலையில் ஏற்படுத்திய செங்கல் சூளையில் இவர்கள்தாம் வேலை செய்தார்கள். அந்தச் செங்கல் 1867-இல் ஆக்ரா பொருட்காட்சியில் பதக்கம் வாங்கியது. அதுவும் ஒரு பரிசளிப்பு விழாதான் பிள்ளைகளே! ஆனால் பரிசு செங்கல்லுக்கு. அதைச் சுட்டவன் பெயரை மேடையில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அங்கிருந்து செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போனோம். 1856-இல் தொடங்கி, 1861-இல் வழிபாட்டுக்குத் திறந்த வெள்ளை வெளேரென்ற கட்டடம். அதுவும் கைதிகள் கட்டியதே. சுவர்ப்பூச்சுக்கு 'சென்னைச் சுண்ணாம்பு' என்றே பேர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், எல்லாம் சேர்த்துக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழவென்று தேய்ப்பார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "பலகாரம் மாதிரி இருக்கு சார்!" என்றாள் ஒருத்தி.

1973-இல் அந்தத் தேவாலயம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. தேக்கா வட்டாரத்தின் பழைய கடைவீடுகளுக்கும் 1989-இல் பாதுகாப்புக் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் சூளை எங்கே? கைதிகளை வைத்திருந்த பிராஸ் பாசா சிறை எங்கே? இல்லை. தேவாலயத்தை வரைந்த மெக்ஃபர்சன் துரையின் பெயர் எனக்குத் தெரிகிறது. முட்டையை உடைத்து ஊற்றியவன் பெயர் தெரியவில்லை. சட்டம் கட்டடத்தைக் காக்கும். உழைத்தவன் பெயரை வாய்தான் காக்க வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் பிறந்த தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் வீடு ஒன்று இருந்தது. என் அப்பா 22 ஆண்டுகள் அங்கே தீ பார்த்தார். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து போவார். அவர் சட்டையில் எப்போதும் புகை நாற்றம். எனக்கு அது பிடிக்காது. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது புகைவீட்டை இடித்தார்கள். நான் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தேன். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. இன்று ஒரு மாணவன், "ஷீட்டு எத்தனை நாள் புகையில தொங்கும் சார்? என்ன விறகு போடுவாங்க?" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய வாத்தியார் நான். என் வீட்டுப் பாடத்தில் தோற்றுப் போனேன். கேட்பதற்கு அப்பாவும் இல்லை.

ஆகவே, அன்புச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று பரிசாகக் கிடைக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் தாத்தா பாட்டி பெயரையும், அவர்கள் செய்த வேலையையும், பிடித்த கருவியையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் இன்றிரவே கேளுங்கள். பரிசு வாங்காதவர்களுக்கு நானே ஒரு நோட்டுப் புத்தகம் தருகிறேன். எழுதியதை அடுத்த வாரம் கொண்டு வாருங்கள். பள்ளி அலமாரியில் பத்திரமாக வைப்போம்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது "அதெல்லாம் எதுக்குடா இப்போ?" என்று விரட்டாதீர்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்டதை உங்கள் பிள்ளையாவது கேட்கட்டும்.