ஓடி முடித்த நாய்களும் நமது தருமமும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சின் வடிவம்)



சமய வளர்ச்சிக்கென அமைந்த இம்மேடையிலே நாயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். மகாபாரதம் முடிவெய்தும் இடத்திலே தருமபுத்திரரோடு கடைசிவரை நடந்தது ஒரு நாய்தான் என்பதை அன்னாருக்கு நினைவூட்டி, என் பொருளைத் தொடங்குகிறேன்.

கிறேஹவுண்ட் என்பது மிகப் பழைய வேட்டை நாயினம். ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவல்லது. இவ்வேகமே அதற்கு வினையாயிற்று. 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, இயந்திர முயலைத் துரத்தி நாய்கள் ஓடும் ஓட்டக்களம் திறக்கப்பட்டது. 1926இல் அது இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகருக்கு வந்தது. பின்னர் அவுஸ்திரேலியாவிலும் பரவிற்று. மக்கள் பந்தயம் கட்டினர், பணம் புரண்டது.

ஓடும் நாய்க்கு மதிப்பு உண்டு. ஓடாத நாயின் கதி என்ன? இவ்வினம் பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ வாழக்கூடியது. ஆனால் பந்தய வாழ்வு பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். கால் முறிந்தவையும் வேகம் குன்றியவையும் அதற்கு முன்பே விலக்கப்படும். எஞ்சிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? நெடுங்காலமாக, ஆயிரக்கணக்கான நாய்களுக்குக் கிடைத்த விடை மரணமே.

இந்நிலை கண்டு இரங்கியோர் இவ்வொரு நாயினத்துக்கென்றே சங்கங்கள் அமைத்தனர். பிரித்தானியாவில் 1975இல் அத்தகைய அறநிலையம் ஒன்று தோன்றியது. ஓரினத்துக்கு மட்டும் சங்கம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. பந்தயக் கொட்டிலிலே வளர்ந்த நாய் வீட்டையே அறியாது. மாடிப்படி கண்டால் திகைக்கும். கண்ணாடிக் கதவிலே மோதும். ஓடும் சிறு பிராணியைக் கண்டால் துரத்தும். ஆதலால் வெளியிற் செல்லும்போது கயிற்றிற் பிடிக்க வேண்டும். பூனையுள்ள வீட்டுக்குக் கொடுக்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். உடலிற் கொழுப்புக் குறைவு, தோல் மெல்லியது, குளிர் தாங்காது. சில மயக்க மருந்துகளின் வேகம் இவற்றுக்கு எளிதில் தணியாது. இவற்றையெல்லாம் பழகி அறிந்தவரே பிறருக்குக் கற்பிக்க முடியும். ஆகவே இச்சங்கத்தார் நாயைத் தம் வீட்டிற் சிலகாலம் வைத்துப் பழக்கி, கேட்டு வருவோரின் வீட்டையும் மனத்தையும் ஆராய்ந்த பின்னரே ஒப்படைக்கின்றனர். வியப்பு என்னவெனில், மின்னலென ஓடிய இந்நாய் வீட்டுக்கு வந்தபின் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் சாதுவான பிராணியாகிவிடுகிறது!

மக்காவோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கிருந்த ஓட்டக்களம் 2018ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. 500க்கு மேற்பட்ட நாய்கள் கூண்டுகளில் எஞ்சின. அவற்றை வளர்க்க ஆளில்லை, அனுப்ப இடமில்லை. அந்நகரின் ‘அனிமா’ என்னும் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் முன்வந்தது. பிற நாட்டுச் சங்கங்கள் கைகொடுத்தன. நாய்கள் தொகுதி தொகுதியாக விமானமேறி, இத்தாலி, பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வீடு கண்டன. கடல் கடந்து, மொழி கடந்து, முகமறியாத மக்கள் முகமறியாத நாய்களுக்குக் கதவு திறந்தனர்.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. ஒரு பக்கம் குட்டிகளைப் பெருக்கிக்கொண்டே மறுபக்கம் கழித்தவற்றைக் காப்பாற்றச் சொல்வது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். காப்போரின் நற்பணியே பந்தயக்காரருக்குச் சாக்காகவும் ஆகிவிடலாம். இதை உணர்ந்த புளோரிடா மாநில மக்கள் 2018 நவம்பரில் வாக்களித்து நாயோட்டத்தை விலக்கினர். வாக்களித்தோரில் நூற்றுக்கு 69 பேர் அதற்கு இசைந்தனர். அந்நாளில் அமெரிக்காவில் எஞ்சியிருந்த 17 களங்களில் 11 அம்மாநிலத்திலேயே இருந்தன. 2020 முடிவுடன் அங்கு ஓட்டம் நின்றது. ஊற்றை அடைப்பதும் வேண்டும். வெள்ளத்தில் அகப்பட்டதை மீட்பதும் வேண்டும்.

“மனிதர் பசித்திருக்க நாய்க்கு இரங்குவதா?” என்று பெரியோர் கேட்பது நியாயமே. ஆனால் இது வெறும் இரக்கமன்று, கடன். அந்நாய் தானாக ஓடுகளம் தேடி வரவில்லை. மனிதன் பிறப்பித்தான், மனிதன் ஓட்டினான், மனிதன் ஊதியம் பெற்றான். உழைப்பை வாங்கியவன் முதுமையைத் தள்ளிவிடுவது எந்தச் சமயத்துக்கு அறம்? தள்ளாத எருதையும், வேலை செய்து ஓய்ந்த மனிதரையும் நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் இக்கேள்வியுள் அடங்கியதே. பயன் ஒழிந்ததும் கைவிடும் பழக்கம் நாயோடு நின்றுவிடாது.

தருமபுத்திரருக்கு அந்த நாயினால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சுவர்க்கத்தின் இரதம் வந்து நின்றபோதும், தம்மை நம்பித் தொடர்ந்ததை விட்டு ஏற அவர் மறுத்தார். நாயாக வந்தது தருமதேவதையே என்பது பின்னரன்றோ வெளிப்பட்டது! வைரவக் கடவுளின் வாகனமாக நாயை வணங்கும் நாம், அடுத்த தெருவிலே அதனைக் கல்லால் எறிவது பொருந்துமா?

வாலிப நண்பர்களே! நம் ஊரில் நாயோட்டக் களங்கள் இல்லை. ஆயினும் உயர்ந்த சாதிக் குட்டியென்று ஆசையோடு வாங்கி, நோயோ முதுமையோ வந்ததும் சந்தையடியில் இறக்கிவிட்டுப் போவோர் இல்லாமலில்லை. நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வளர்க்க முடியுமா என்று எண்ணிய பின்னரே நாயை ஏற்போம். ஏற்றதை அதன் இறுதிவரை வைத்திருப்போம். இயலாதபோது தெருவில் விடாது, நல்ல வீடொன்று தேடிக் கொடுப்போம். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம்பி வந்ததைக் கைவிடாத நெஞ்சுறுதி ஒன்றே வேண்டும்.