தேன் பெட்டியும் ஊர்ச் சங்கமும்

(விவசாய ஒலிபரப்பில் பேசியது)



ஒரு ஊர் முன்னேற வேண்டுமானால் என்ன வேணும்? பெரிய ஆலை வரணும், சர்க்கார் பணம் வரணும், வெளியூர் முதலாளி வரணும் என்று நம்மில் பல பேர் சொல்லுவோம். வந்தால் நல்லதுதான். ஆனால் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்று காட்டின ஊர் ஒன்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. மார்த்தாண்டத்தைத்தான் சொல்லுகிறேன். அந்த ஊர்ச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தேனை வைத்து எப்படி ஒரு தொழிலை உண்டாக்கினார்கள், அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

1920களில் மார்த்தாண்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அப்போது ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராமப் புனரமைப்பு நிலையம் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் முதல் இந்தியப் பொதுச்செயலாளரான சேலத்துக்காரர் கே. டி. பால், கிராம வேலைக்கு வழி வகுத்தவர். நிலையத்தை முன்னின்று நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். அவர் விவசாயம் படித்தவர்.

இங்கே பலருக்குத் துண்டு நிலம்தான் இருந்தது. அதுவும் இல்லாமல் கூலியை நம்பினவர்கள் அநேகம். அவர்களிடம் போய், நெல்லில் இரண்டு மடங்கு எடு என்றால் எந்த வயலில் எடுப்பார்கள்? அதனால் வீட்டை ஒட்டிச் செய்யக்கூடிய தொழில்களைப் பார்த்தார்கள். கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, நெசவு என்று சொல்லிக்கொடுத்தார்கள். முட்டையைக் கூட்டாகச் சேர்த்து விற்கவும் பழக்கினார்கள். அவரவர் காரியத்தை அவரவரே செய்ய வேண்டும், விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து வழிகாட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் முறை.

தேனீ வளர்ப்புக்கு நிலம் வேண்டாம், அண்ணாச்சி. முற்றத்து ஓரத்தில் ஒரு காலை நட்டு, அதன் மேலே பெட்டியை வைத்தால் போதும். ஈ பக்கத்து வீட்டுத் தென்னையிலும் எடுக்கும், மலையடிவாரத்துத் தோட்டத்திலும் எடுக்கும். அதற்கு எல்லைக்கல் கிடையாது.

முன்பு மரப்பொந்தில் இருக்கும் கூட்டைக் கலைத்து, அடையைப் பிழிந்து தேன் எடுப்பார்கள். அடையோடு புழுவும் நசுங்கும், கூட்டமும் அழியும். 1910களில் நியூட்டன் என்ற பாதிரியார் நம்ம நாட்டுத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ப ஒரு பெட்டியை வடிவமைத்தார். புழு வளர ஒரு அறை, தேன் சேர மேலே ஒரு அறை. அடை கட்ட மரச்சட்டங்கள். சட்டத்தை எடுத்து எந்திரத்தில் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து விழும். அடை உடையாது. அதைத் திரும்ப வைத்தால் ஈ மறுபடியும் நிரப்பும். நியூட்டன் பெட்டி என்று இன்றைக்கும் அதற்குப் பெயர்.

அதற்குப் பிறகு குலசேகரம், அருமனை, களியல் பக்கமெல்லாம் ரப்பர் பரவியது. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடுகிறபோது, மூன்று இலையும் சேருகிற காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். தை, மாசி, பங்குனி மாதங்களில் ஈக்கு அதுதான் பெரிய விருந்து. ரப்பர் வைத்தவருக்குப் பால் கிடைக்கும், ரப்பர் இல்லாதவருக்கும் தேன் கிடைக்கும்!

இவ்வளவும் உற்பத்திக் கதை. வயிறு நிறைவதும் நிறையாததும் விற்பனையில்தான் இருக்கிறது. ஒருவரிடம் நாலு பெட்டி, பெட்டிக்குப் பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ தேனை அவர் தலையில் சுமந்து எந்தப் பட்டணத்துக்குப் போவார்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கும். வாசலுக்கு வந்த வியாபாரி சொன்னதே விலை. தண்ணீர் கலந்த தேன் என்று அவர் தட்டிக் கழித்தால், இல்லை என்று நிரூபிக்க நம்மிடம் ஒரு கருவி கிடையாது.

இந்த இடத்தில்தான் சங்கம் வேணும். மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937இல் ஏற்பட்டது. இப்படி ஒரு சங்கம் இருந்தால் தேனைச் சரியாக நிறுக்கலாம், ஈரத்தைச் சோதிக்கலாம், பதமாகச் சூடேற்றி வடிகட்டலாம், குப்பியில் அடைத்து ஒரே பெயரில் விற்கலாம். நாற்பது கிலோக்காரர் கேட்டால் கொடுக்காத விலையை, பல நூறு பேருடைய தேனை ஒன்றாய் வைத்திருக்கிற சங்கம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். குஜராத்தில் கெய்ரா மாவட்டத்துப் பால்காரர்கள் 1946இல் சங்கம் சேர்ந்ததும் இதே காரணத்தால்தான். அதுதான் இன்றைக்கு அமுல்.

ஊருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பெட்டி செய்யத் தச்சர் வேணும். எந்திரம் பழுது பார்க்க ஆள் வேணும். மெழுகு வாங்குகிறவர், குப்பிக் கடைக்காரர், பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாக ஏற்றிப் போகும் வண்டிக்காரர் எல்லாருக்கும் வேலை வருகிறது. தேன் விற்ற காசு அதே சந்தையில் துணியாகவும் அரிசியாகவும் செலவாகிறது. ஆக, காசு ஊருக்குள்ளேயே நாலு கை மாறுகிறது.

கஷ்டமும் வந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பை நோய் என்ற வைரஸ் நோய் தென்னாட்டுத் தேனீக்களைத் தாக்கியது. புழுக்கள் பை போல் ஊதிச் செத்தன. பெட்டி பெட்டியாகக் காலியாயிற்று. பல பேர் தொழிலையே விட்டார்கள். விடாதவர்கள், தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பார்த்துப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கினார்கள். பெட்டி செய்கிற கையும், ஈயைப் பழக்குகிற அறிவும் ஊரில் மிச்சம் இருந்ததால்தான் அது முடிந்தது.

2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம மட்டி வாழைக்கும் அதே ஆண்டில் கிடைத்தது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இலேயே வந்துவிட்டது. வேறு ஊர்த் தேனை மார்த்தாண்டம் தேன் என்று சொல்லி இனி விற்கக்கூடாது. இது பெரிய கௌரவம். கூடவே பெரிய பொறுப்பும். ஒருவர் சீனிப்பாகைக் கலந்து கொடுத்தால் கெடுவது அவர் பெயர் அல்ல, ஊர்ப் பெயர்.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, முற்றின தேனையே எடுங்கள். அடைக் கண்களில் முக்கால் பங்காவது மெழுகு மூடிய பிறகுதான் எடுக்கணும். பொதுவாகத் தேனில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இன்றைய உணவுச் சட்டம். அவசரப்பட்டு எடுத்த தேன் புளித்துப் போகும்.

இரண்டாவது, மழைக்காலத்தில் ஈ பட்டினி கிடக்காமல் சீனிப்பாகு வைக்கிறோம். அது அதன் சாப்பாடு, நம் சரக்கு அல்ல. தேன் சீசன் தொடங்குவதற்கு முன்பே பாகை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. வெளியே விலை ஏறினால் வியாபாரிக்கும், விலை இறங்கினால் சங்கத்துக்கும் கொண்டு போகிற பழக்கம் கூடாது. அப்படி எல்லாரும் செய்தால் சங்கத்தில் நஷ்டம் மட்டும்தான் சேரும். ஒரு நாள் அது கதவைச் சாத்தும். மறுநாள் வியாபாரி விலையைக் குறைப்பார். அப்போது யாரிடம் போய் முறையிடுவோம்? அதே சமயம், சங்கத்தை நடத்துகிறவர்களும் எடையிலும் கணக்கிலும் சுத்தமாக இருக்கணும். தேனுக்குரிய பணத்தைத் தாமதம் இல்லாமல் கொடுக்கணும். பொதுக்கூட்டத்துக்குப் போங்கள், கணக்கைக் கேளுங்கள். கேட்பது சண்டை இல்லை, உங்கள் உரிமை.

தோவாளைப் பக்கம் நெல் செய்கிறவர்களும், வாழை, தென்னை வைத்திருக்கிறவர்களும் இது நமக்கில்லை என்று விட்டுவிடாதீர்கள். எந்தச் சரக்கானாலும் தரம் பார்த்துப் பிரிப்பதும், பக்குவப்படுத்துவதும், விற்பதும் நம்ம கைக்கு வந்தால் அந்த வேலையும் லாபமும் நம்ம ஊரில் நிற்கும்.

சுசீந்திரம் தேரை ஒரு ஆள் இழுக்க முடியுமா? வடத்தில் எல்லார் கையும் இருந்தால்தான் நிலைக்கு வரும். சங்கமும் அப்படித்தான். உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இன்றைக்கே விசாரியுங்கள்.