கம்ப்யூட்டர் போய் செல்போன் வந்தாச்சு: பழுது பார்ப்பது யார்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



இன்னிக்கு நான் கடனைப் பற்றிப் பேச வரல. நம்ம கணக்கைத் தாங்கி நிற்கிற கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கேன். "அது கணக்கு எழுதுறவங்க வேலை" என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

முன்பெல்லாம் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். துணி போட்டு மூடி வைப்போம். கெட்டுப்போனால் டவுனிலிருந்து மெக்கானிக் வருவார். வைரஸ் எடுப்பார், பிரிண்டரைச் சரி செய்வார், காசு வாங்கிட்டுப் போவார். அதோடு பிரச்சினை முடிந்தது.

இப்போது அப்படியில்லை. 2015-ல் நபார்டு வங்கி 'இ-சக்தி' திட்டத்தில் குழுக் கணக்குகளைக் கணினிமயமாக்கத் தொடங்கியது. பிறகு தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் 'லோக்ஓஎஸ்' செயலி வந்தது. குழுவின் வரவு செலவு இன்று செல்போனிலேயே பதிவாகிறது. மேசையில் இருந்த ஒரு கருவி, பத்துப் பேர் கையில் பத்து விதமான போனாக மாறிவிட்டது. அதுவும் குழுவின் சொத்து இல்லை, அவரவர் சொந்த போன். அதைக் கெடாமல் பார்ப்பது யார்?

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்றேன். ஒரு குழுவில் கணக்கு எழுதும் சகோதரியின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. கடைக்காரர் போனுக்கு உயிர் கொடுத்தார், ஆனால் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார். மூன்று மாத ரசீதுப் படங்களும் கணக்கும் அந்த ஒரு போனில்தான் இருந்தன. வங்கிக்குப் போக வேண்டிய கடன் மனு நின்றது. அதைவிடக் கொடுமை, "பணத்தைச் சுருட்டிட்டு போன் மேல பழி போடுறா" என்று நாலு பேர் பேசினார்கள். அந்தச் சகோதரி இரண்டு கூட்டத்துக்கு வரவேயில்லை. கடைசியில் உறுப்பினர்களின் பாஸ்புக்கை வாங்கி, வங்கிப் பதிவோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. காப்பாற்றியது காகிதம்தான்.

இதில் என்ன புரிகிறது? முன்பு பழுது என்றால் மெஷினைச் சரி செய்வது. இப்போது மெஷின் போனால் வேறொன்று வாங்கலாம். பாதுகாக்க வேண்டியது உள்ளே இருக்கும் கணக்கும், கடவுச்சொல்லும், நம்ம பேரும்தான். இந்த வேலையை டவுன் மெக்கானிக் செய்ய முடியாது, நாமதான் செய்யணும்.

செயலியில் பதிந்து சர்வருக்கு அனுப்பிய பதிவு, போன் உடைந்தாலும் இருக்கும். அனுப்பாமல் போனிலேயே கிடப்பது போய்விடும். ஆகவே கூட்டம் முடிந்ததும் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் அனுப்பிவிட வேண்டும்.

இன்னொன்று. அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்ட் நிறுவனம் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. மெஷின் ஓடும், ஆனால் பூட்டு பழசாகிவிட்டது. பழைய போனுக்கும் இதே கதைதான்.

ஆகவே ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்:

1. எந்தக் கணக்கு யார் போனில், எந்த எண்ணில் இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

2. ஒருவர் மட்டும் போதாது. செயலியை இயக்க இரண்டு பேர் பழகுங்கள்.

3. பதிவேட்டையும் பாஸ்புக்கையும் கைவிடாதீர்கள்.

4. போனைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். ரகசிய எண்ணைக் கடைக்காரரிடமும் சொல்லாதீர்கள்.

5. ஓடிபி-யை யார் கேட்டாலும், வங்கி அதிகாரி என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

6. சொந்தப் போனைக் குழுவுக்குப் பயன்படுத்தும் சகோதரிக்கு ரீசார்ஜ், பழுதுச் செலவில் ஒரு பங்கைக் குழு கொடுக்கட்டும். வேலை எல்லாருக்கும், செலவு மட்டும் ஒருத்திக்கு என்பது நியாயமில்லை.

ஆடு வாங்கினால் கொட்டகையும் போடுகிறோம். போனுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குச் சந்தேகம் விழுவது நம்மில் ஒருத்தி மேல்தான்.