கணினியை ஏற்போம், கணக்கேட்டைக் கைவிடோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சந்தாப் பேரேட்டையும் திருமணப் பதிவேட்டையும் இனிக் கணினியில் மட்டும் வைத்துக்கொண்டால் போதும், கையால் எழுதும் ஏடுகள் தேவையில்லை என்றொரு கருத்து இங்கே முன்வைக்கப்பட்டது. அது குறித்துச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன். நான் கணினிக்கு எதிரானவன் அல்லன். ஆனால் சென்ற ஆண்டு நம் அலுவலகத்தில் நடந்ததை மறக்கவும் இயலவில்லை.

ஒருநாள் மஃரிபுக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் தம் மகளின் திருமணச் சான்றுக்காக வந்தார். மறுநாள் விடியற்காலையில் அவர் மதுரைக்குப் பேருந்து ஏறவேண்டும். கணினியைத் திறந்தால், "புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்" என்ற வாசகம் மட்டுமே திரையில் நின்றது. நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை; அதுவாகவே தொடங்கிக்கொண்டது. இஷாவுக்கு பாங்கு சொல்லும் வேளையில் மின்சாரம் போயிற்று. மின்சாரம் மீண்ட பின்னும் கணினி மீளவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டி, சான்றினைக் கைப்பட எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தனுப்பினோம்.

பழுது நீங்கி மூன்றாம் நாள் கணினி வந்தது. ஆனால் இரண்டு மாதச் சந்தா வரவு அதில் இல்லை. அதை அறியாமல் பாக்கிப் பட்டியல் எடுத்தோம். ஒழுங்காகச் சந்தா செலுத்திய ஒரு முதியவரின் பெயரும் அதில் ஏறிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டியபோது நான் தலைகுனிந்தேன். பின்னர் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கொண்டே கணக்கைச் சரிசெய்தோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2015இல் வெளியான விண்டோஸ் 10, வீட்டுக் கணினிகளில் புதுப்பிப்பை மறுக்கும் வாய்ப்பைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. 2018 அக்டோபரில் வந்த ஒரு புதுப்பிப்பு, பயனாளர் சிலரின் ஆவணங்களையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதன் விநியோகத்தை நிறுத்தி, பிழை திருத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. வீட்டுப் பயனாளரும் 35 நாள்கள் வரை புதுப்பிப்பை நிறுத்தி வைக்கும் வசதி 2019இல்தான் கிடைத்தது.

2024 ஜூலை 19, ஒரு வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஒன்றரை மணி நேரத்திற்குள் அந்நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. எனினும் முடங்கிய கணினிகளில் பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சென்று சீர்செய்ய நேர்ந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கும் அன்று கைகொடுத்தவை பேனாவும் தாளுமே!

அப்படியாயின் புதுப்பிப்பே வேண்டாம் என்று அடைத்துவிடலாமா? கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளும் முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியாகியிருந்தது. அதனை நிறுவாமல் விட்டவர்களே பெரிதும் அடிபட்டார்கள்.

பெருமக்களே! நம் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நீர் இருப்பு உள்ள ஆண்டுகளில் முதல் போகத்திற்காக ஜூன் முதல் தேதி பெரியாற்றுத் தண்ணீர் திறக்கப்படும். 14,707 ஏக்கர் அதனை நம்பியுள்ளது. தண்ணீர் வராவிட்டால் பயிர் இல்லை. ஆயினும் நாள் முன்கூட்டி அறிவிக்கப்படுவதால்தான் நாம் வாய்க்காலைச் செப்பனிட்டு, விதைநெல்லை எடுத்து வைத்துக் காத்திருக்கிறோம். நள்ளிரவில் சொல்லாமல் மடையைத் திறந்தால் அதே தண்ணீர் நாற்றங்காலை அடித்துச் சென்றுவிடும். புதுப்பிப்பும் அத்தகையதே. அது வரவேண்டும், ஆனால் நாம் ஆயத்தமாக இருக்கும்போது வரவேண்டும்.

ஆகவே நிர்வாகத்தாரிடம் நான்கு வேண்டுகோள்கள்:

1. திருமணப் பதிவேடும் சந்தாப் பேரேடும் கையெழுத்தில் தொடரட்டும்.

2. வாரம் ஒருமுறை கணக்கினைத் தனி வன்தட்டில் நகலெடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி, அலுவலகத்திற்கு வெளியே வேறோர் இடத்தில் பாதுகாக்க வேண்டும்.

3. புதுப்பிப்பிற்கென அலுவலகப் பணி இல்லாத ஒரு நேரத்தை வகுத்து, நகல் எடுத்த பின்னரே அனுமதிக்க வேண்டும். மின்தடையைத் தாங்க யுபிஎஸ் ஒன்று அவசியம். ஒத்திவைப்பது சில நாள்களுக்கு மட்டுமே, மாதக்கணக்கில் அன்று.

4. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் கணினியில் இருப்பது எது என்பதை விவரமறிந்த நம் இளைஞர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

ஜமாஅத்தின் கணக்கு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அந்த முதியவரிடம் ரசீது இருந்தது. அவர் சொல் நிலைத்தது. ரசீதைத் தொலைத்த ஓர் ஏழை வந்து நின்றிருந்தால், அவர் செலுத்தினார் என்று சாட்சி சொல்ல நம் ஏடு இருக்க வேண்டாமா? அந்த ஏட்டை மூடிவிடாதீர்கள் என்று கேட்டு அமர்கிறேன். வஸ்ஸலாம்.