காதில் ஒரு மின்துடிப்பு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் சகோதரிகள் சிலர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வலியைக் குறைக்கக் காதில் பொருத்தும் மின்கருவி வந்திருக்கிறதாமே, நூற்றாண்டு நினைவாக அதை மலையக வைத்தியசாலை ஒன்றுக்கு வாங்கித் தரலாமா என்று. அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறோம்.

இது மந்திரமல்ல. புறக்காதில் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று ஓடுகிறது. முகத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் வரும் நரம்புகளும் அங்கே உண்டு. அவற்றை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினால், செய்தி மூளைத்தண்டுக்குப் போய், வலியை அடக்கும் உடலின் சொந்த வழிகளை எழுப்பும் என்பதே கருத்து. பிரான்ஸின் லியோன் நகர வைத்தியர் போல் நோஜியே 1950களில் காதுக்கு ஒரு வரைபடமே போட்டார். நம் நாட்டிலும் களுபோவில வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் கற்பிக்க, வெளிநாட்டார் தேடி வந்து படித்தார்கள்.

இன்றைய கருவி காதின் பின்னால் ஒட்டும் சிறு பெட்டி. அதிலிருந்து நுண்ணூசிகள் காதில் பதியும். ஐந்து நாள் வேலை செய்யும். 2017இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது, போதைமருந்தை நிறுத்துவோர் படும் உபாதைகளுக்காக. அந்த அனுமதி சத்திரசிகிச்சை வலிக்கு அல்ல. அதற்கான ஆய்வுகள் இன்னும் சிறியவை. சிலவற்றில் வலிமருந்தின் தேவை குறைந்தது. சிலவற்றில் மின்சாரம் பாயாத போலிக் கருவியோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த நாட்கள் நினைவிருக்கும். மருந்தில்லாமல் வலி குறையும் என்றால் எங்களுக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனால் ஐந்து நாளில் அந்தக் கருவி குப்பைக்குப் போகும். பத்துக் கருவி என்றால் பத்துத் தாய்மார், அவ்வளவுதான். காதுக் குருத்தெலும்பில் கிருமி தொற்றினால் ஆற்றுவதும் கஷ்டம். காதில் காந்தம் ஒட்டி விற்பவர்களைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம்.

இன்னொன்று. சிசேரியனோ எல்.ஆர்.டி.யோ முடிந்து படுத்திருக்கும் தோட்டத்துப் பெண்ணிடம் "வலிக்குதா?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க மிஸ்" என்பாள். மூச்சை ஆழமாக இழுக்கமாட்டாள், இருமமாட்டாள், பிள்ளையைத் தூக்கும்போது உதட்டைக் கடிப்பாள். நெற்றியில் கயிறு பதியக் கூடை சுமந்தவளுக்கு வலியைச் சொல்வது வெட்கம். கேட்கிற தாதிக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தப் "பரவாயில்லை"யும் கிடையாது. சொல்லாத வலிக்கு, மருந்து அலுமாரியில் இருந்தும் கொடுபடாமல் போகிறது.

ஆகவே சகோதரிகளே, அந்தப் பணத்தில் வேறொன்று செய்வோம். பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்களும் முகப்படங்களும் போட்ட வலி அட்டையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கவிட வைத்தியசாலையிடம் அனுமதி கேட்போம். பெரிய ஆய்வுகளின் முடிவு நல்லதாக வந்தால் கருவிக்கு நாங்களே கடிதம் எழுதுவோம். அட்டையின் மாதிரி வாசல் மேசையில் இருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் தமிழ் ரீச்சர் இப்போதே திருத்தித் தரட்டும்.